பூச்சி வலையும் மவுத் ஆர்கனும்

தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘எனது பொழுதுபோக்கு’ தவறாமல் இடம்பெறும். இருபது தாள்களைத் திருத்தினால் பதினைந்தில் ‘நல்ல நூல்களை வாசிப்பதே எனது பொழுதுபோக்கு’ என்று இருக்கும். அவ்வாறு எழுதினால்தான் ஆசிரியர் மகிழ்வார் என்பது பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது! அவர்கள் உண்மையில் என்ன செய்து மகிழ்கிறார்கள் என்பதை அறிய வேண்டுமாயின் கட்டுரைத் தாளை விட்டுவிட்டு, இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை மேசையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். என் தலைமுறையில் அங்கே நாடுகளின் கொடிகள் அச்சிட்ட அழிப்பான்கள் ஒன்றன்மீது ஒன்று புரண்டுகொண்டிருந்தன. இப்போது போக்கிமான் அட்டைகள் கைமாறுகின்றன.

பொழுதுபோக்கு என்ற சொல்லின் மீதே எனக்குச் சிறு வருத்தம் உண்டு. பொழுதைப் போக்குவது, அதாவது வேறு வேலை இல்லாதபோது செய்வது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விளையாடும் கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அது சில சிறுவர்கள் வேலையற்றுத் திரிந்த மாலைப் பொழுதுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவ்வரலாற்றில் நம் சிங்கைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதற்கு முன்னர் சப்பானுக்குச் சென்று வருவோம்.

சத்தோஷி தாஜிரி 1965ஆம் ஆண்டு பிறந்தவர். தோக்கியோவின் மேற்கே உள்ள மாச்சிடா என்ற ஊரில் வளர்ந்தவர். அன்று அது நெல்வயலும் குளமும் மரத்தோப்பும் நிறைந்த புறநகர்ப் பகுதி. சிறுவன் தாஜிரிக்குப் பூச்சி பிடிப்பதே உயிர். எந்த வண்டு எந்த மரத்தில் இருக்கும், எந்த நேரத்தில் வெளியே வரும் என்பதையெல்லாம் தானே கண்டறிந்து வைத்திருந்ததால், நண்பர்கள் அவருக்குப் ‘பூச்சி டாக்டர்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். ஆனால் அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. வயல்கள் வீடுகளாயின, மீன்பிடித்த குளம் தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடம் எழுந்தது. பூச்சிகளை இழந்த சிறுவன் அந்த விளையாட்டுக்கூடத்திற்குள்ளேயே நுழைந்துவிட்டான் என்பதுதான் இக்கதையின் விந்தை.

அதன்பின் அவர் கணினி விளையாட்டுகளையும் பூச்சிகளைப் போலவே ஆராயத் தொடங்கினார். 1983இல் ‘கேம் ஃபிரீக்’ என்ற பெயரில் கையால் எழுதிப் படியெடுத்து, கம்பியால் தைத்த ஒரு சிற்றிதழை வெளியிட்டார். அவ்விதழின் பெயரிலேயே 1989இல் ஒரு நிறுவனமும் உருவாயிற்று. அதே ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து இருவர் சேர்ந்து ஆடலாம். மற்றவர்கள் அந்தக் கம்பியைப் போட்டிக்குரிய வழியாகக் கண்டனர். தாஜிரியின் மனக்கண்ணிலோ அக்கம்பியின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்த கருவிக்குள் செல்லும் காட்சி தோன்றியது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் உழைத்து, 1996 பிப்ரவரி 27ஆம் நாள் போக்கிமானின் சிவப்பு, பச்சைப் பதிப்புகளை வெளிக்கொணர்ந்தார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்புப் பதிப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் பச்சைப் பதிப்பில் கிடையா. பச்சையில் உள்ள சில, சிவப்பில் கிடையா. தொகுப்பு முழுமை பெற வேண்டுமாயின் இன்னொரு பிள்ளையிடம் சென்று மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். பூச்சி பிடித்த எந்தச் சிறுவனுக்கும் இது புதிய செய்தி அன்று. தமிழ்நாட்டில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இலையோடு அடைத்து, பள்ளிக்கு எடுத்துச் சென்று, பலப்பத்துக்கும் பம்பரத்துக்கும் பண்டமாற்றுச் செய்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தாஜிரி விற்றது அந்தத் தீப்பெட்டியைத்தான்.

சிங்கப்பூரிலும் தீப்பெட்டி உண்டு. அதற்குள் இருந்தது வண்டு அன்று, சிலந்தி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கம்பத்துச் சிறுவர்கள் செடிகளிலே, இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடுவார்கள். இலைகளைப் பிணைத்திருக்கும் நூலுக்கிடையே கருமையும் பளபளக்கும் நீலப்பச்சையுமாக ஒரு சிறு குதிக்கும் சிலந்தி இருக்கும். ஆண் சிலந்திகள் இரண்டை நேருக்கு நேர் விட்டால் முன்கால்களை விரித்துக்கொண்டு மோதும். தோற்றது ஓடிவிடும், பெரும்பாலும் சாவதில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இதில் ஈடுபட்டனர். சிராங்கூன் சாலைப் பகுதியில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், சிலந்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் குரல் பத்து வயதுக்குத் திரும்பிவிடுவதைக் காணலாம்.

தோற்றத்தில் இதுவும் போக்கிமானே. தேடுதல், பிடித்தல், வளர்த்தல், மோதவிடுதல், மாற்றிக்கொள்ளுதல் ஆகிய அனைத்தும் இதில் அடக்கம். மாச்சிடாவைப் போலவே இங்கும் அந்த நிலம் மறைந்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டதன் பின்னர், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் கம்பங்கள் அகற்றப்பட்டு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பூச்சியை இழந்த சிறுவர்கள் நம்மிடமும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் சிலந்தி விளையாட்டை உலகிற்கு வழங்கவில்லை. ஏக்கம் மட்டும் போதாது என்றுதான் நினைக்கிறேன். தாஜிரிக்குக் கருவியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பு இருந்தது. இரவெல்லாம் எழுதி நிரப்ப ஓர் இதழ் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பயனற்றது என்று பிறர் எண்ணிய ஒன்றில் ஆண்டுக்கணக்கில் மூழ்கியிருக்க நேரம் இருந்தது.

(2016 ஆகஸ்ட் 6ஆம் நாள் ‘போக்கிமான் கோ’ சிங்கைக்கு வந்தபோது, ஹவ்காங் அவென்யூ 10இன் அடுக்குமாடிகளுக்கிடையே நள்ளிரவிலும் பெருங்கூட்டம் கைப்பேசியும் கையுமாக அலைந்தது நினைவிருக்கும். கம்பம் அகற்றப்பட்ட நிலத்தில், இல்லாத பூச்சியைப் பிடிக்கப் பெரியவர்கள் ஓடினார்கள்!)

தாஜிரி தனித்த எடுத்துக்காட்டு அல்லர். மாரியோவையும் செல்டாவையும் படைத்த சிகேரு மியாமொத்தோ 1952இல் கியோத்தோ மாநிலத்தின் சோனோபே என்ற சிற்றூரில் பிறந்தவர். மலைச்சரிவில் தாம் கண்ட குகைக்குள் விளக்கோடு அடிமேல் அடிவைத்துச் சென்ற அச்சமும் ஆவலுமே 1986இல் வெளிவந்த ‘செல்டா’ விளையாட்டின் வித்து என்று அவரே பலமுறை கூறியுள்ளார். அவர் கதை பலரும் அறிந்தது. ஆகவே நம் ஊருக்குத் திரும்புவோம்.

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்துக் கம்பம் ஒன்றில், பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாமவராக வளர்ந்தவர் சிம் வோங் ஹூ. பிறந்த ஆண்டு 1955. வறிய குடும்பம். பள்ளிக்குச் செல்லுமுன் சந்தையில் முட்டை விற்க உதவியவர். வாங்கித் தர ஆளில்லாத வீட்டில் விளையாட்டுப் பொருள்களைத் தாமே உருவாக்கிக்கொண்டார். அவர் கையில் கிடைத்த ஒரே ‘உண்மையான’ பொருள் ஒரு மவுத் ஆர்கன். அதைப் பள்ளிப் பருவத்திலும், பின்னர் நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் பயின்றபோதும் அவர் விடவில்லை. பின்னாளில் அக்கார்டியனும் சேர்ந்துகொண்டது. 1975இல் படிப்பை முடித்தார். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர்.

அவர் விளையாட்டு வடிவமைப்பாளரும் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனினும் உலகின் கணினி விளையாட்டுகளுக்கு வாய் கொடுத்தவர் அவர்.

1981 ஜூலை முதல் நாள், நண்பர் இங் காய் வாவுடன் சேர்ந்து சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கடையைத் திறந்தார். பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி. தொடக்கத்தில் கணினி பழுதுபார்த்தல், நினைவகப் பலகை விற்றல் போன்றவைதாம் பிழைப்பு. ஆனால் சிம்மின் மனத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது: கணினி பேச வேண்டும், இசைக்க வேண்டும். 1984இல் ‘கியூபிக் 99’, 1986இல் ‘கியூபிக் சிடி’ என்று முழுக் கணினிகளையே உருவாக்கிப் பார்த்தார். கியூபிக் சிடி சீன எழுத்துகளையும் வண்ணப் படங்களையும் காட்டியது; இசையும் எழுப்பியது. ஆனால் விற்பனை கைகொடுக்கவில்லை.

அன்றைய கணினியின் நிலையை இக்காலப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். அலுவலகத்திற்கென்று உருவாக்கப்பட்ட ஐபிஎம் வகைக் கணினிக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது. அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான், அதுவும் ‘பீப்’ என்ற கரகரப்பில் எழுப்பும். தவறு செய்தால் எச்சரிக்க அது போதும் என்று பொறியாளர்கள் கருதியிருக்க வேண்டும். மவுத் ஆர்கன் வாசித்தவருக்கு அது போதுமா? அந்த வாத்தியத்தை வாயில் வைத்து ஊதினாலே அடுத்தடுத்த துளைகளிலிருந்து இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்தே எழும். தனிச் சுரத்தை மட்டும் எடுக்கத்தான் பயிற்சி வேண்டும். ஒற்றைச் சுரத்தில் ஊளையிடும் கணினி சிம்மின் காதுக்கு முடமானதாகத் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம்.

கணினி முழுவதையும் விற்க இயலாவிட்டால் என்ன, அதன் தொண்டையை மட்டும் விற்போம் என்பதுபோல் அடுத்த முயற்சி அமைந்தது. 1987இல் பன்னிரண்டு சுரங்களை ஒருங்கே ஒலிக்கவல்ல ‘கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம்’ என்ற ஒலி அட்டை வந்தது. இசை என்ற பெயரில் அது விலைபோகவில்லை. மறு ஆண்டு அதே அட்டை ‘கேம் பிளாஸ்டர்’ என்று பெயர் மாறியது. வாங்குபவர்கள் இசைக்கலைஞர்கள் அல்லர், விளையாடும் பிள்ளைகள் என்ற உண்மை அப்பெயர் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. 1988இல் சிம் அமெரிக்கா சென்றார். இருபதாயிரம் அட்டைகள் விற்காமல் ஊர் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

அங்கே ஏற்கெனவே ஒரு போட்டியாளர் இருந்தார். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த மார்டின் பிரேவெல் என்பவர் நடத்திய ‘ஆட்லிப்’ நிறுவனத்தின் ஒலி அட்டைக்கே விளையாட்டு நிறுவனங்கள் இசை அமைத்துவந்தன. அவரும் யாரென்று நினைக்கிறீர்கள்? இசைப் பேராசிரியர்! கணினிக்கு ஒலி கொடுக்கும் போட்டி, இசைப் பித்துக் கொண்ட இருவருக்கிடையே நடந்திருக்கிறது. 1989இல் சிம் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’, ஆட்லிப் அட்டைக்கென அமைந்த இசையை அப்படியே வாசித்தது. அதற்கு மேல் இரண்டு வசதிகளையும் சேர்த்துத் தந்தது. ஒன்று, பதிவுசெய்த மனிதக் குரலையும் வெடியோசையையும் ஒலிக்கும் ஆற்றல். மற்றொன்று, விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் இணைப்பு. அக்காலத்தில் கைப்பிடிக்கென்று தனி அட்டை வாங்கிச் செருக வேண்டியிருந்தது. கணினிக்குள் இடமோ குறைவு. ஒரே அட்டையில் இரண்டும் கிடைத்தால் எவர் வேண்டாம் என்பார்? இசையை ரசித்த சிறுவனும், வாங்க வழியின்றி விளையாட்டைத் தானே செய்துகொண்ட சிறுவனும் அந்த அட்டையில் ஒன்றுசேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

1991இல் வெளிவந்த ‘விங் கமாண்டர் 2’ என்ற விண்வெளி விளையாட்டில் பாத்திரங்கள் வாய்திறந்து பேசின. அப்பேச்சைக் கேட்க சவுண்ட் பிளாஸ்டர் தேவைப்பட்டது. 1992இல் ஆட்லிப் நொடித்துப்போனது. அதே ஆண்டு கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆயிற்று. வடிவமைப்பாளர்கள் தங்கள் விளையாட்டில் மழையும் காலடியோசையும் கேட்கும் என்று நம்பி எழுதத் தொடங்கிய காலம் அது. இதுவரை நாற்பது கோடிக்கும் மேற்பட்ட சவுண்ட் பிளாஸ்டர்கள் விற்றிருப்பதாக நிறுவனம் கூறியுள்ளது. பின்னர் ஒலியமைப்பு கணினியின் தாய்ப்பலகைக்குள்ளேயே குடியேறிவிட, தனி அட்டையின் தேவை குறைந்தது. அந்த வீழ்ச்சியின் கதை பொருளியல் ஆசிரியர்களுக்கு உரியது.

லிட்டில் இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் 1987இல் திறக்கப்பட்ட சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. (அப்பெயருக்கும் சிம் வோங் ஹூவுக்கும் தொடர்பில்லை.) தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் சிராங்கூன் சாலையில் மளிகையும் பூவும் வாங்கும் நேரத்தில், என் வயதொத்த தமிழ்ப் பிள்ளைகள் அக்கட்டடத்தின் மாடிகளில் ஏறி இறங்கினோம். வாங்கக் காசில்லை, கேட்க மட்டும் போவோம். ஒரு கடையில் ஒலி அட்டை பொருத்திய கணினியையும் பொருத்தாததையும் அருகருகே வைத்து ஒரே விளையாட்டை ஓட்டிக் காட்டுவார்கள். வெளியே தேக்காச் சந்தையில் இறைச்சி வெட்டும் ஓசை, கேம்பல் லேனில் ஒலிநாடாக் கடைப் பாட்டு, உள்ளே வாள் மோதும் ஓசை. அந்த வாளோசை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்தது என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பாடநூலிலும் இல்லை.

சிலந்தி அழிந்து மவுத் ஆர்கன் எஞ்சியது ஏன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். கம்பத்திலிருந்து பத்தாவது மாடிக்குக் குடிபெயர்ந்தபோது குளத்தையும் செடியையும் எடுத்துச் செல்ல இயலாது. சட்டைப்பையில் அடங்குவன மட்டுமே மின்தூக்கியில் ஏறின. மவுத் ஆர்கன் ஏறியது, கோலிக்குண்டு ஏறியது, நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் அஞ்சாங்கல்லும் ஏறியது. ஆற்றோரக் கூழாங்கல் கிடைக்காத ஊரில், முக்கோணத் துணிப்பைக்குள் அரிசியோ மணலோ அடைத்துத் தைத்து அவர்கள் ஆடினர். பல்லாங்குழிக்கு மரப்பலகை வேண்டும். ஆயினும் மலாய் அண்டை வீட்டாரின் ‘சொங்காக்’ அதன் உடன்பிறப்பாகவே இருந்ததால் அதுவும் பிழைத்துக்கொண்டது. நம் நகரமயமாதலின் வரலாற்றை எழுதுவோர் எந்த விளையாட்டு எவ்வளவு இடத்தைக் கேட்டது என்றும் ஒரு கணக்கு எடுத்தால் நன்று.

சிம் வோங் ஹூ 1999இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கூறிய ஒரு கருத்து இன்றளவும் பேசப்படுகிறது. அமெரிக்காவில், கூடாது என்ற பலகை இல்லாத இடமெல்லாம் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரில், திருப்பலாம் என்ற பலகை உள்ள இடத்தில் மட்டுமே திருப்பலாம். அனுமதிப் பலகைக்காகக் காத்திருக்கும் இம்மனப்பாங்கையே நம் நாட்டின் நோய் என்றார். கம்பத்தில் தன் விளையாட்டுக்குத் தானே விதி வகுத்துக்கொண்டவரின் எரிச்சல் இது. சாலை விதியைப் பற்றி அவர் கூறியதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நெரிசலான சிறு தீவில் பலகைகள் வேண்டும். ஆனால் வகுப்பறையில் அவர் சொன்னதை நாள்தோறும் காண்கிறேன். ‘டீச்சர், இதை வரையலாமா?’ ‘டீச்சர், மரத்திற்குப் பச்சை வண்ணம்தான் தீட்ட வேண்டுமா?’ எட்டு வயதுக் குழந்தை வெற்றுத் தாளின் முன் அமர்ந்து பலகையைத் தேடுகிறது.

கல்வி அமைச்சு இதனை உணராமல் இல்லை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகள் இல்லை. 2023க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளும் நீக்கப்பட்டுவிட்டன. அவ்வாறு கிடைத்த நேரம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததா? என் வகுப்பில் சிலருக்குச் சேர்ந்தது. வேறு சிலருக்கோ அந்த வாரமே துணைப்பாட நிலையத்தில் மாதிரித் தேர்வு காத்திருந்தது. பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; ஆறாம் வகுப்பின் முடிவில் நிற்கும் தேர்வு அவர்கள் கண்முன் தெரிகிறது. இசையும் நடனமும் கற்பிக்கிறோமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கும் நிலைத் தேர்வும் சான்றிதழும் உண்டு. தாஜிரியின் வண்டுகளுக்கு யாரும் சான்றிதழ் வழங்கியதில்லை.

தமிழரிடையே இத்தகைய படைப்பு உண்டா என்று கேட்போருக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. உருவாக்கியவர் அபி என்னும் தமிழர். 1988இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலறையே களம். சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளை ஆடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். பின்னணியில் வானொலி, அந்தந்தக் காலத் திரையிசையின் சாயலில் பாடிக்கொண்டிருக்கும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு அளித்தது. இது பூச்சி பிடித்தல் போன்ற பொழுதுபோக்கு அன்று. ஒரு வீட்டின் மணமும் ஓசையும். ஆயினும் குழந்தைப் பருவத்தில் யாரும் பாடமாக நடத்தாத ஒன்றிலிருந்தே இதுவும் வந்திருக்கிறது. கதையின் பிற்பகுதியில், வளர்ந்த மகன் கவின், தனக்குச் சரிவரத் தெரியாத தமிழில் எழுதிய குறிப்பைக் கொண்டு சமைக்கத் திணறுகிறான். தமிழாசிரியர்கள் அந்தப் பகுதியைத் தனியாக அமர்ந்து ஆடுவது நலம்.

முதல் அத்தியாயத்தில் இட்லி அவிக்க வேண்டும். தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்பதே புதிர். சென்ற ஆண்டு அதனை ஆறாம் வகுப்பில் திரையில் காட்டினேன். மூன்று முறை தவறியபின், வீட்டில் கேட்டு வருகிறோம் என்றனர். மறுநாள் ஏழு பேர் விடையோடு வந்தார்கள். அவர்களில் இருவருக்கு அம்மாவிடமிருந்தும் ஐவருக்குப் பாட்டியிடமிருந்தும் விடை கிடைத்திருந்தது. ஒரு பையன் மட்டும் தட்டையே பையில் கொண்டுவந்திருந்தான்.